கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டிய கள்

சொல் ஒன்றினால்தான் ஒரு குலம் இன்னொரு குலத்தோடு கை கோக்கிறது. கடல் பிரித்ததையும் வாள் பிரித்ததையும் சொல் சேர்த்து வைக்கும். மனிதர் வாழும் எல்லாத் திசைகளிலும் செல்லுபடியாகும் பேருண்மை இது. இந்தப் பேருண்மையை ஆக்லாந்து முழுக்க மேடை மேடையாகச் சொல்லி வந்த பழனிசாமி, பெற்ற மகளோடு பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பேசவில்லை என்றால் சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. தாரிணி கிளென் ஈடனில் தனியாக பிளாட் எடுத்து இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிளாக்ஹவுஸ் பே வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவாள். அப்பாவும் மகளும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்காருவார்கள். "பங்கஜம், அவளுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு" என்பார் பழனிசாமி. "நோ தேங்க்ஸ், அப்பா" என்று தாரிணி அவர் முகத்தைப் பார்த்தே சொல்வாள். அது அவர் காதில் விழாது. "போதுமாமுங்க" என்று பங்கஜம் மறு ஒலிபரப்பு செய்தால்தான் விழும். கல்யாணம் ஆகி வந்த நாள் முதல் பங்கஜம் பார்க்காத வேலை கிடையாது. இந்த வயதில் தபால்காரி வேலையும் வந்து சேர்ந்தது.

காரணம் ஒபியோரா. தாரிணி பிசியோதெரபிஸ்டாக இருக்கிற ஆஸ்பத்திரியிலேயே எக்ஸ்ரே எடுப்பவன். நைஜீரியாக்காரன், இக்போ இனம். அவனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று தாரிணி சொன்ன அன்று பழனிசாமி எழுந்து நின்று, ஜன்னல் பக்கம் திரும்பி, "இனி அவளோடு பேச என்னிடம் சொற்கள் இல்லை" என்றார். சொன்ன கையோடு அது நல்ல வரி என்று அவருக்கே தெரிந்துபோயிற்று. நல்ல வரியைத் திரும்பப் பெற்ற வழக்கம் அவருக்கு இல்லை.

சும்மா ஆளும் அல்லவே. 'சொற்கொண்டல்' என்று பட்டம் வாங்கியவர். உள்ளூர்த் தமிழ்ச் சங்கம் கொடுத்த பட்டம். யாருக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்த குழுவில் இரண்டே பேர்தான். ஒருவர் அந்தச் சமயம் இந்தியா போயிருந்தார். தாய்மொழி வளர்வது வீட்டிலா மேடையிலா என்ற பட்டிமன்றத்தில் வீட்டில்தான் என்று கண்ணீர் மல்கப் பேசித் தீர்ப்பையே மாற்றியவர். அதே வீட்டில்தான் தாரிணி பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம், "இனிமே இவகிட்ட இங்கிலீஷ்லயே பேசு, இல்லேன்னா பின்தங்கிடுவா" என்று பங்கஜத்துக்கு உத்தரவு போட்டிருந்தார். பங்கஜத்தின் இங்கிலீஷைக் கேட்டு வளர்ந்த குழந்தை, இரண்டு மொழியிலும் பின்தங்காமல் தப்பித்தது அதன் சொந்த சாமர்த்தியம்.

ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறோம் என்றுதான் தாரிணி சொல்லிக்கொண்டிருந்தாள். பழனிசாமி வீட்டில் இல்லாத ஒரு சனிக்கிழமை ஒபியோரா பங்கஜத்தின் சமையலறையில் வந்து உட்கார்ந்துகொண்டு தன் ஊர் வழக்கத்தைப் பற்றி இங்கிலீஷில் சொன்னான். பெண் கேட்டு வருவதற்குக் கதவு தட்டுவது என்று பேராம். ஆனால் பெண் கேட்க வந்தோம் என்று வாயைத் திறந்து சொல்லவே மாட்டார்களாம். வந்தவர்களில் பேசத் தெரிந்த பெரியவர் எழுந்து ஒரு பழமொழியைப் போடுவார். பெண் வீட்டுப் பெரியவர் அதற்கு ஈடாக ஒன்றைத் திருப்பிப் போட வேண்டும். சுற்றி வளைத்து, சுற்றி வளைத்து, கடைசியில் அவர்கள் கொண்டுவந்த பனங்கள்ளை ஒரு கோப்பையில் ஊற்றிப் பெண்ணின் அப்பா முன்னால் வைப்பார்கள்.

"அவர் உடனே குடிக்கக் கூடாது, ஆன்ட்டி. எல்லார் முன்னாலயும் பொண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, இதைக் குடிக்கட்டுமான்னு கேட்கணும். குடிங்கன்னு அவ சொன்னாத்தான் குடிக்கணும். குடிச்சுட்டா முடிஞ்சது, சம்மதம். வேண்டாம்னு சொன்னா நாங்க பானையைத் தூக்கிட்டுப் போயிடணும்."

"கேக்காம குடிச்சுட்டா?" என்றாள் பங்கஜம்.

ஒபியோரா சிரித்தான். "அப்படி யாரும் குடிச்சதில்லை."

தாரிணி அதுவரை போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது நிமிர்ந்தாள். "அப்பாவேதான் என் பேரைச் சொல்லிக் கேட்கணுமா? வேற யாரும் கேட்க முடியாதா?"

"முடியாது. அதுக்கு மட்டும் வேற ஆள் கிடையாது."

"அப்படீன்னா இதைப் பண்ணலாம்" என்றாள் தாரிணி. பிறகு அம்மாவைப் பார்த்து, "எனக்கு இது ஒண்ணு போதும்மா. பேரைச் சொல்லி ஒரு கேள்வி" என்றாள்.

பங்கஜத்துக்குப் புருஷனைத் தெரியும். மகள் ஆசைப்படுகிறாள் என்று சொல்லியிருந்தால் ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பார். அவள் அப்படிச் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நடுவில், மோரை ஊற்றிக்கொண்டே, "ஏனுங்க, அவங்க ஊர்ல சம்பந்தம் பேசறதே பழமொழியிலதானாமுங்க. பொண்ணு வீட்டுல எதிர்த்துப் பேச ஆள் இல்லீன்னா அவங்க ஜெயிச்ச மாதிரியாமா. தகனினியில இருந்து அவனோட பெரியப்பா முறை ஒருத்தர் வர்றாராம், பெரிய பேச்சாளராம்" என்றாள்.

பழனிசாமியின் கை மோர்சாதத்தில் நின்றது.

"எத்தனை பேர் வருவாங்க?"

"அவங்க பக்கம் ஒரு முப்பது பேர் வருவாங்களாமா."

"நம்ம பக்கம் நூறாவது வேணும்" என்றார் பழனிசாமி. இரண்டு வருஷமாக ஜாதகம், தோல் நிறம், ஊரில் என்ன சொல்வார்கள் என்று கட்டி வைத்திருந்த கோட்டை, ஒரு மைக்குக்காகச் சரிந்தது. தான் ஜெயித்துவிட்டதாகப் பங்கஜம் நினைத்துக்கொண்டாள். அந்த மோரையும் சிந்தாமல் ஊற்றினாள்.

அதற்குப் பிறகு சாயங்காலம் ஆனால் கார் ஷெட்டிலிருந்து குரல் வரும். வாஷிங் மெஷினைப் பார்த்துப் பழனிசாமி பழமொழி வீசிக்கொண்டிருப்பார். யானை வரும், பூனை வரும், மாமியார் வருவாள். கடைசியில் மகளைப் பேர் சொல்லிக் கேட்டுவிட்டு, சம்மதத்துக்காக ஒரு வாய் கள் மட்டும் குடிக்க வேண்டும் என்று பங்கஜம் சொல்லி வைத்ததற்கும் தலையாட்டியிருந்தார். இன்னொரு பக்கம் தாரிணி போனில் அம்மாவோடு ஒத்திகை பார்ப்பாள். அவளுக்கு வேண்டியது இரண்டே வார்த்தை.

"குடிங்க அப்பா. சரியாம்மா?"

"சரி கண்ணு. ஆனா அவர் கேட்டு முடிச்ச பிற்பாடு சொல்லோணும்."

"தெரியும். குடிங்க அப்பா. குடிங்கப்பா. எது நல்லா இருக்கு?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பங்கஜம் போனைத் தள்ளி வைத்துக்கொண்டு மூக்கைத் துடைத்துக்கொள்வாள்.

வழக்கப்படி பெண் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். வீட்டுக் கூடத்தில் நூறு பேர் கொள்ளாது என்று பழனிசாமி ஒரு சமூகக் கூடத்தை வாடகைக்கு எடுத்துவிட்டார். அங்கே தட்டுவதற்குக் கதவு இல்லை. ஆள் நிழல் பட்டாலே வாயைத் திறக்கும் கண்ணாடி. சிவப்புத் தொப்பியும் சிங்க முகம் போட்ட அங்கியுமாக வந்த ஒபியோராவின் பெரியப்பா அனேனே முஷ்டியை ஓங்க, கதவு விலகியது. பின்னுக்குப் போய் மறுபடி வந்தார். மறுபடியும் விலகியது. கடைசியில் பக்கத்துச் சுவரைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார்.

வந்தவரைப் பார்த்துத் தமிழ் வரிசையில் பாதிப் பேர் கை ஆட்டினார்கள். தெரிந்த முகம். தகனினிச் சாலையோரமெல்லாம் 'விற்பனைக்கு' என்ற பலகையில் சிரித்துக்கொண்டிருப்பவர். "இவரல்லோ எங்கட வீட்டை வித்துத் தந்தவர்" என்றார் முன்வரிசையில் இருந்த குணரத்தினம், சங்கத்தின் செயலாளர். அனேனேவுக்கு அன்று மூன்று மணிக்கு ஒரு வீட்டைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. அங்கிக்குள்ளிருந்து போன் அடிக்கடி அதிர்ந்தது. உண்மையில் பேச வேண்டிய பெரியவர்கள் ஊரில் இருந்தார்கள். அங்கே அப்போது நடுராத்திரி என்பதால், இங்கே இருப்பவர்களில் தொப்பி வைத்திருந்தவர் பெரியவரானார்.

முதலில் கோலாக் கொட்டையை வைத்து ஆசி சொல்ல வேண்டும். அதை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர விடுவார்களா என்ற பயத்தில் யாரும் கொண்டுவரவில்லை. பங்கஜம் தாம்பாளத்தில் வைத்திருந்த கொட்டைப்பாக்கை அனேனே எடுத்து, முகர்ந்து பார்த்து, அதற்கே இக்போ மொழியில் ஆசி சொன்னார். வேறு மொழியில் சொல்லக் கூடாதாம். ஒபியோராவுக்கு இக்போ அவ்வளவாக வராது. பிறந்ததும் வளர்ந்ததும் வேறு மொழி பேசும் லாகோஸில். மற்றவர்கள் தலையை ஆட்டியபோது அவனும் ஆட்டினான்.

பங்கஜம் மேடை ஓரமாக நின்றாள். பழனிசாமி பட்டு வேட்டியும் ஜிப்பாவுமாக, காலரில் சின்ன மைக்கைக் குத்திக்கொண்டு தயாராக இருந்தார். சங்கத்தின் மைக். கையில் பிடிக்கிற மைக் வேண்டாம், பேசும்போது இரண்டு கையும் வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கியது. அவருடைய வலது கைப்பக்கம் சின்ன மேசை. மேசைமேல் எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர். எத்தனையோ வருஷ ஏற்பாடு அது. பேச்சு சூடு பிடித்ததும் வலது கை தானாக நீளும், பார்க்காமலே டம்ளரை எடுக்கும், ஒரே மடக்கில் இறங்கும்; அடுத்த வாக்கியம் கணீரென்று வரும். டம்ளரை அங்கே வைக்கிற வேலை பங்கஜத்துடையது.

தாரிணி பக்கத்து அறையில் காத்திருந்தாள். கூப்பிட்டால்தான் வர வேண்டும்.

அனேனே ஆரம்பித்தார். ஆமையும் பருந்தும் வருகிற ஒன்றைச் சொன்னார். அவர் மனைவி அதை இங்கிலீஷில் சொன்னாள். நைஜீரிய வரிசை உறுமியது. பழனிசாமி எழுந்தார். யானையை இறக்கினார். அவர் தமிழை இங்கிலீஷாக்க மேடையில் ஏறியிருந்தவன் மனோஜ், ஐ.டி. கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர். யானை, அது போன பாதை, பின்னால் வந்த மணியோசை எல்லாவற்றையும் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "டீம்வொர்க் முக்கியம்னு சொல்றார்" என்று முடித்துவிட்டான்.

அனேனே ஒரு கிழவியை அனுப்பினார். பழனிசாமி இரண்டு மருமகள்களை அனுப்பினார். "பிளானிங் முக்கியம்னு சொல்றார்" என்றான் மனோஜ். ஆறும் தோணியும் வந்தன, காக்கையும் பனம்பழமும் போயின. ஐந்தாவது சுற்றில் அனேனேவுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்பது பங்கஜத்துக்கே தெரிந்தது. அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, மனைவிக்குக் கண் காட்டினார். கள்ளைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

அந்த அம்மாள் வெள்ளைக் கள் நிறைந்த சுரைக்குடுவையோடு மேடை ஓரம் வந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மரக்கோப்பையை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தாளாம். ஏதாவது ஒரு கோப்பை கிடைக்குமா?

பங்கஜத்தின் கூடையில் இன்னொரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. ஜோடி டம்ளர், அவளுடைய சீர்ப் பாத்திரம். எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மாள் கள்ளை ஊற்றிப் பழனிசாமியின் வலது கைப்பக்கம் வைக்கப் போனாள். மேசை சிறியது, இடம் இல்லை. பங்கஜம்தான் வெந்நீர் டம்ளரை எடுத்து இடம் செய்து கொடுத்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் இடம் செய்து கொடுத்தே பழகிய கை.

இப்போது வழக்கப்படி பழனிசாமி நிறுத்தியிருக்க வேண்டும். மகளை அழைத்திருக்க வேண்டும். ஆனால் எதிராளிக்குச் சரக்கு தீர்ந்த நேரம் அது. எந்தப் பேச்சாளனும் விடுகிற நேரமா? அவர் அடுத்ததுக்குப் போனார், அதற்கும் அடுத்ததுக்குப் போனார், கடல் கடந்து வந்த தமிழ் என்றார், பெண்மையைப் போற்றும் பண்பாடு என்றார், எங்கள் வீட்டுப் பெண்ணின் சொல்லைக் கேட்காமல் எங்கள் வீட்டில் ஓர் அணுவும் அசையாது என்றார். "ஓம், வடிவாத்தான் கதைக்கிறார்" என்று குணரத்தினம் பக்கத்து ஆளிடம் சொன்னார். "ஆனா பிரியாணி ஆறுது."

பங்கஜம் பார்த்துக்கொண்டேயிருந்தாள். குரல் ஏறியது. இடது கை ஆகாயத்தில் இருந்தது. வலது கை பக்கவாட்டில் நீண்டது.

"ஏனுங்க" என்றாள். மேடையில் இருப்பவருக்கு அவள் குரல் எந்தக் காலத்தில் கேட்டிருக்கிறது?

ஒரே மடக்கு.

பழனிசாமியின் கண்கள் விரிந்தன. மதுவின் தீமை என்ற தலைப்பில் வருஷம் தவறாமல் பேசுகிறவர். துப்பியிருக்கலாம். ஆனால் நூற்று முப்பது பேர் முன்னால் சொற்கொண்டல் துப்ப முடியாது. தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

 பிறகு அனேனே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "குடித்துவிட்டார்" என்று இரண்டு கையையும் விரித்தார். நைஜீரியப் பெண்கள் குலவையிட்டுக்கொண்டு எழுந்தார்கள். பாட்டும் கைதட்டலும் கிளம்பின. பிரியாணி நெருங்கிவிட்டது என்று புரிந்துகொண்ட தமிழ் வரிசையும் எழுந்து நின்று தட்டியது. தன் கடைசி வாக்கியத்துக்குத்தான் இவ்வளவும் என்று எடுத்துக்கொண்ட பழனிசாமி, மீசையில் வெள்ளை நுரையோடு, நாலு பக்கமும் திரும்பிக் கைகூப்பினார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து அறைக் கதவு திறந்தது. தாரிணி சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று அம்மாவைத் தேடினாள்.

"என்னம்மா ஆச்சு? கூப்பிட்டாரா? எனக்குக் கேட்கலையா?"

பங்கஜம் இவளுக்கும் அவருக்கும் நடுவில் எத்தனையோ சொற்களைச் சுமந்து போனவள்; இதைச் சுமக்க முடியவில்லை. மேசைமேல் இருந்த காலி டம்ளரைப் பார்த்தாள். தாரிணியும் பார்த்தாள். புரிந்துகொள்ள ஒரு பழமொழியும் தேவைப்படவில்லை.

அனேனே நல்ல மனுஷன்தான். நிலைமை புரிந்ததும், போன் அதிர்வதையும் பொருட்படுத்தாமல் மேடைக்கு வந்தார். பெண்ணின் வாயிலிருந்து சொல் வராமல் குடித்தது எங்களிடம் அரைகுறைதான், பரவாயில்லை, இன்னும் கள் இருக்கிறது, மறுபடி ஊற்றுகிறேன், மகளைக் கூப்பிட்டுக் கேளுங்கள், ஒரு நிமிஷ வேலை என்றார். மனோஜ் இதை மட்டும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னான்.

மறுபடி ஊற்றினால் முதலில் குடித்தது தப்பு என்றாகும். தப்பாகக் குடித்தார் என்றால் தெரியாமல் குடித்தார் என்றாகும். பழனிசாமி வேட்டி நுனியைச் சரி செய்துகொண்டார்.

"எங்கள் மரபில்," என்று ஆரம்பித்தார், "தந்தை அருந்தினால் மகள் இசைந்தாள் என்று பொருள். கேட்பது என்பது ஐயமுள்ளவர்களின் வழக்கம்."

அப்படி ஒரு மரபு அந்த நிமிஷம் வரைக்கும் உலகத்தில் கிடையாது. குணரத்தினம் புருவத்தைத் தூக்கினார். சோற்றுக்கு வரிசை நகர்ந்ததும் அதை இறக்கிக்கொண்டு நகர்ந்தார். அனேனே அந்தப் புது மரபுக்குத் தலை வணங்கிவிட்டு, வீட்டைத் திறந்து காட்டப் புறப்பட்டார். கண்ணாடிக் கதவு தானாகவே அவருக்கு வழிவிட்டது.

பிரியாணியும் அவர்கள் ஊர் ஜோலோஃப் சோறும் பக்கத்துப் பக்கத்துத் தட்டுகளில் இறங்கின. எல்லாரும் சாப்பிடுகிற சந்தடியில் பங்கஜம் புருஷனின் முழங்கையைப் பிடித்துக் கூடத்தின் மூலைக்கு இழுத்துப் போனாள். அவர் கையைப் பிடித்து அவள் இழுத்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க கேக்கவே இல்லீங்க."

"எதை?"

"குடிக்கட்டுமான்னு. அவ பேரைச் சொல்லி. அதுக்குத்தானே இத்தனையும்."

"அது கடைசியில வெச்சிருந்தேன். அதுக்குன்னு ஒரு நல்ல முத்தாய்ப்பு இருந்துச்சு" என்றார் பழனிசாமி. "அந்த டம்ளரை அங்க யாரு வெச்சது?"

"டம்ளர் கிடக்குதுங்க. மேடை வேண்டாம். கள்ளு வேண்டாம். இப்பக் கேளுங்க. பேரைச் சொல்லி என்னமாச்சும் ஒண்ணு கேட்டாப் போதும். அவ இங்கதான் நிக்கறா."

தாரிணி அங்கேதான் நின்றாள். ஒபியோரா அவள் கையில் கொடுத்துவிட்டுப் போன தட்டு அப்படியே இருந்தது. அப்பாவுக்கு எதிரே, ரசம் வேண்டாம் என்று சொல்கிற அதே தூரத்தில் நின்று, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. இரண்டு வார்த்தையும் இன்னும் கைவசம் இருந்தது அவளிடம். கேட்டால் கொடுத்துவிடுவாள் என்பது பங்கஜத்துக்குத் தெரிந்தது.

பழனிசாமி மகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். யானை வரவில்லை, தோணி வரவில்லை. வலது கை பக்கவாட்டில் நீண்டு எதையோ தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. 'தா' என்பதற்கு வாய் திறக்கிறது போலத்தான் பங்கஜத்துக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. அவர் முகத்தைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

"சாப்பிட்டாளான்னு கேளு."

தாரிணி ஆறிப்போன தட்டைப் பார்த்தாள். பிறகு இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவரைப் பார்க்காமல், அம்மாவைப் பார்த்து, நல்ல தமிழில் சொன்னாள்.

"சாப்பிட்டேன்னு சொல்லுங்கம்மா."

கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றுபோயிருந்ததைப் பங்கஜம் அப்போதுதான் கவனித்தாள். எல்லாரும் இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழனிசாமியின் காலரில் இருந்த மைக்கை யாரும் அணைக்கவில்லை.